கணுக்காலில் ஒரு வெள்ளிக் கோடு

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்கு மணி அடித்த பிறகும், பிரிசில்லா குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வலது கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு போட்டாயிற்று, தேங்காய் எண்ணெய் போட்டாயிற்று, கடைசியாக நகப்பூச்சு அழிக்கிற ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தாள். சதை சிவந்து எரிந்தது. கோடு போனபாடில்லை. வெளியே அம்மா மரியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னாடி பண்ற உள்ள? ஃபாதர் பிரசங்கமே முடிச்சிருவாரு."

"நீ போம்மா. நான் பின்னாடி வர்றேன்."

"உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"வர்றேன்னு சொல்றேன்ல."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே போனாள். பிரிசில்லா இன்னொரு பஞ்சை நனைத்தாள். அவசரத்தில் ரிமூவர் பாதி தரையில் கொட்டியது. அவளுக்குப் பயம். நேற்று சாயங்காலத்திலிருந்து ஒரு வாய் சோறு உள்ளே இறங்கவில்லை.

கோடு என்ன கோடு என்று சொல்லிவிடுகிறேன். பிரிசில்லாவுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் வேலை. அவளுக்குச் சோறு போடுவது அவள் கால். வெளிநாட்டுக்குப் போகிற பெண்கள் ஷூவை முதலில் முப்பத்தேழாம் சைஸில் செய்து பார்ப்பார்கள். அந்த சைஸ் பிசகாமல் வாய்த்த பெண்களைத் தையல் பிரிவிலிருந்து பிடித்து வந்து, புது மாடலை மாட்டி நடக்கவிட்டு, எங்கே கடிக்கிறது, எங்கே தளர்கிறது என்று கேட்பார்கள். ஷூவின் விளிம்பு கணுக்கால் எலும்பில் உரசக் கூடாது. அதற்காக டெக்னீஷியன் அந்தோணி, லெதரில் குறி போடுகிற வெள்ளிப் பேனாவால் எலும்புக்குக் கீழே ஒரு கோடு இழுப்பார். விளிம்பு அதைத் தாண்டினால் மாடல் திரும்பப் போகும். தினமும் போடுகிற கோடு. ஒரு குளியலில் போகாது, இரண்டு மூன்று நாள் மங்கலாக நிற்கும். சாம்பிள் ரூமில் இதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்தக் கோட்டைத்தான் சனிக்கிழமை சாயங்காலம் ஹெச்.ஆர். எழிலரசி மேடம் தன் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். கடுகு மஞ்சள் ஷூ போட்ட ஒரு கால். கணுக்காலில் வெள்ளிக் கோடு. அதைச் சுற்றி யாரோ வெளிநாட்டுக்காரன் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். அந்த ஷூ அடுத்த சீசனுக்கானது, இன்னும் எந்தக் கடைக்கும் போகவில்லை. அது எப்படி ஒரு ஆன்லைன் ஃபேஷன் பத்திரிகையில் வந்தது? கோடு இருப்பதால் சாம்பிள் ரூம் கால்தான் என்று ஷூவை வாங்குகிற வெளிநாட்டு பையர் அங்கிருந்தே கண்டுபிடித்துவிட்டான்.

"ஃபிட்டிங் பொண்ணுங்க மூணு பேர். பிரிசில்லா, நசீமுன்னிசா, தமிழினி. திங்கக்கிழமை சென்னையிலேர்ந்து பையரோட ஏஜென்ட் வர்றாரு. உங்க கால அவரே பாப்பாரு. ஒருத்தரும் லீவு போடக் கூடாது," என்றாள் எழிலரசி மேடம். "யாருன்னு தெரிஞ்சா இந்தக் கம்பெனி கேட் மட்டும் இல்ல, ராணிப்பேட்டையிலேர்ந்து வாணியம்பாடி வரைக்கும் எந்த கேட்டும் தெறக்காது. போலீஸ்லயும் கம்ப்ளெயின்ட் குடுப்போம்."

அவள் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளின் ஹெச்.ஆர்.காரர்கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்ஆப் குரூப்பில் இருக்கிறார்கள். ஒரு பெயர் அதில் விழுந்தால் முடிந்தது. மரியம்மாளுக்கும் அதே கம்பெனியில் தையல் வேலை. மகள் பெயர் விழுந்தால் அம்மா பெயரும் கூடவே விழும்.

அந்தக் கால் பிரிசில்லாவுடையதுதான். கோடு இருந்தால் படத்தோடு வைத்து அளந்துவிடுவார்கள்.

பத்திரிகையின் பெயர் 'முப்பத்தேழு'. நடத்துகிறவள் அவளுடைய பள்ளிக்கூடத் தோழி ஹுமேரா. வாணியம்பாடியில் ஆங்கிலம் படித்தவள். கொரோனாவில் ஊரே முடங்கிக் கிடந்து, கம்பெனி அரைகுறையாகத் திறந்த சமயம் அது. கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த ஹுமேராவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடைபாதையில் விற்கிற, கம்பெனி கழித்த செகண்ட்ஸ் ஷூ ஒன்றை வாங்கிவந்து, பிரிசில்லாவுக்கு மாட்டி, மொட்டைமாடியில் நீலத் தண்ணீர் டேங்க் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தாள். கீழே நாலு வரி எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டாள். விளையாட்டாகத்தான்.

ஃபேஷன் பத்திரிகை என்றால் பளபளவென்று முகங்கள் இருக்க வேண்டும். 'முப்பத்தேழு' பத்திரிகையில் இன்றுவரை ஒரு முகம் கிடையாது. முழங்காலுக்குக் கீழேதான் எல்லாம். பெங்களூரில் யாரோ ஒருவர் அதை மிகப்பெரிய கலைக் கொள்கை என்று பாராட்டி எழுதியிருந்தார். கொள்கையாவது மண்ணாவது. ஹுமேராவின் அப்பா இஷ்தியாக் அகமது, மகள் கம்ப்யூட்டரில் ட்யூஷன் எடுக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். பிரிசில்லாவின் முகம் வந்தால் கோயில் வாசலில் அவள் அம்மாவிடம் நூறு பேர் கேட்பார்கள். இரண்டு பெண்களின் பயம்தான் அந்தப் பத்திரிகையின் அழகு. படித்தவர்களுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதல் படத்திலேயே அந்தோணியின் கோடு விழுந்துவிட்டது. யாரோ ஒரு பெண், "கணுக்காலில் இந்தக் கோடு என்ன ஸ்டைல்?" என்று கேட்டாள். சாம்பிள் ரூம் என்று சொல்ல முடியுமா? "ஆம்பூரில் நாங்கள் எல்லோரும் போடுவோம்" என்று ஹுமேரா அடித்துவிட்டாள். அந்த ஒரு பொய்தான் பத்திரிகையை வளர்த்தது. சென்னையில் பெண்கள் ஐலைனரால் கோடு போட்டுக்கொண்டு படம் அனுப்பினார்கள். குவைத்தில் ஒரு நர்ஸ் போட்டாள். கல்யாண மேக்கப் செய்கிற ஒருத்தி மணப்பெண்ணுக்கு ஜிகினாவில் போட்டுவிட்டாள். இன்ஸ்டா பக்கம் வெப்சைட் ஆனது, விளம்பரம் வந்தது, மாதம் ஒரு இதழ் என்று ஆனது. ஹுமேரா தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதித் தள்ளினாள். நடைபாதையில் கிடக்கிற தள்ளுபடி ஷூவைப் பற்றி அவள் எழுதினால் கல்யாணப் பெண்ணை வர்ணிப்பதுபோல இருக்கும்.

கடுகு மஞ்சள் ஷூவையும் அப்படித்தான் நடைபாதையில் வாங்கினார்கள். கம்பெனியில் கழித்துப்போட்ட சாம்பிளைக் கத்தியால் கிழித்துத்தான் வெளியே விட வேண்டும். எவனோ கிழிக்காமல் விற்றுவிட்டான். பிரிசில்லா அதே மாடலைச் சாம்பிள் ரூமில் போட்டுப் பார்த்தவள்தான். ஆனால் அங்கே கறுப்பு. ஃபிட்டிங்குக்குக் கையில் கிடைத்த லெதரில் செய்வார்கள், நிறம் பிறகுதான். நாள் முழுக்க ஷூ மாற்றுகிறவள் எந்த ஷூவையும் கண்ணால் பார்ப்பதில்லை, காலால்தான் பார்ப்பாள். அன்றைக்கும் போட்டவுடனே சுண்டுவிரல் பக்கம் பழகின மாதிரி இருந்தது. நல்ல ஷூ என்று நினைத்துக்கொண்டாள். கால் சொன்னதை அவள் கேட்கவில்லை.

தண்ணீர்க் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டு அவள் ஹுமேராவுக்குப் போன் செய்தாள்.

"படத்த வெப்சைட்லேர்ந்து எடுத்துட்டியா?"

"நேத்தே எடுத்துட்டேன்டி. ஆனா இன்னா புண்ணியம்? எத்தன பேரு சேவ் பண்ணி வச்சிருக்காங்களோ." ஹுமேரா குரலைத் தாழ்த்தினாள். "பிரிசி, இன்னொண்ணு. அஞ்சாவது வருஷத்துக்குன்னு ஸ்பெஷல் எழுதி வச்சிருக்கேன்ல. நம்ம பத்திரிக வந்த கத. இன்னிக்கு சாயங்காலம் போடறதா இருந்தேன்."

"அதுல இன்னா எழுதின?"

"எல்லாந்தான். அந்தக் கோடு ஃபேஷனே இல்ல, சாம்பிள் ரூம்ல வேல செய்ற என் தோஸ்த் கால்ல போட்ட குறின்னு. எவ்ளோ நாள் பொய் சொல்றது? உன்னப் பத்தி நல்லபடியா எழுதணும்னு ஆச."

பிரிசில்லாவுக்குக் காது அடைத்தது. "அழிச்சுடு."

"எல்லாத்தயுமா? ஒரு மாசம் எழுதினதுடி."

"அழிச்சுடு ஹுமேரா. உன் கால்ல வுழறேன்."

அந்தப் பக்கம் கீ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஹுமேரா மூக்கை உறிஞ்சினாள். "அழிச்சுட்டேன். நாளைக்கு நான் வரட்டா? வந்து, இது என் பத்திரிகதான்னு சொல்லட்டா?"

"உங்கப்பாக்கு?"

ஹுமேரா போனை வைத்துவிட்டாள். 'முப்பத்தேழு' பத்திரிகையின் வரலாறு அப்படி ஒருவரும் படிக்காமலே போய்விட்டது.

மறுநாள் காலை வரைக்கும் தேய்த்ததில் கோடு போய்விட்டது. அது இருந்த இடம் தோல் உரிந்து செக்கச்செவேலென்று கிடந்தது. அதன்மேல் பவுடர் போட்டு, சாக்ஸ் மாட்டிக்கொண்டு, அம்மா பக்கத்திலேயே கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனாள். அம்மா வழியெல்லாம் ஜோலார்பேட்டைச் சித்தி வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசினாள். பிரிசில்லா உம் கொட்டினாள். கேட்டில் செக்யூரிட்டி வணக்கம் சொன்னதற்கே அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சாம்பிள் ரூமில் கட்டிங் மேசையை ஒதுக்கி மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். ஏஜென்ட் சூரியபிரகாஷ் இஸ்திரி கலையாத சட்டையில், கையில் ஐபேடுடன் நின்றார். அதில் அந்த மஞ்சள் ஷூ கால். பக்கத்தில் எழிலரசி மேடம். சுவரோரம் அந்தோணி. அவர் முகத்தில் ரத்தம் இல்லை. கோடு அவர் கை போட்டது. அவருக்கும் பயம் இருக்காதா?

நசீமுன்னிசா முதலில் காலைக் காட்டினாள். மங்கிய கோடு இருந்தது, ஆனால் எலும்பு படத்தில் இருப்பதைவிட உயரம். ஏஜென்ட் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அடுத்து பிரிசில்லா. சாக்ஸைக் கழற்றினாள்.

"இன்னா இது, இப்டி செவந்திருக்கு?" என்றாள் எழிலரசி மேடம்.

"அலர்ஜி மேடம். புது சாக்ஸ்."

அந்தோணி ஒரு நொடி அவள் காலைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். ஏஜென்ட் குனிந்து பார்த்தார், ஐபேடைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "நெக்ஸ்ட்," என்றார் அவர்.

தமிழினி விரிஞ்சிபுரத்துப் பெண். சாம்பிள் ரூமுக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. சனிக்கிழமை அக்கா வீட்டு விசேஷத்துக்குச் சீக்கிரம் கிளம்பியிருந்ததால், மேடம் போனில் காட்டிய படத்தை அவள் பார்க்கவில்லை. அவள் எந்தப் பதற்றமும் இல்லாமல் ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருவி, காலை நீட்டினாள்.

கணுக்காலில் பளிச்சென்று வெள்ளிக் கோடு.

அந்தோணி போட்டது இல்லை அது. அவர் கோடு நேராகப் போய் நிற்கும். இது நுனியில் சின்னதாக வளைந்து, அழகாக, பத்திரிகையைப் பார்த்துப் பார்த்துப் போட்டது. ஆனால் ஏஜென்டுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

"ஃபைன்," என்று சொல்லி, தேடிய கால் கிடைத்துவிட்டதுபோல அவர் நிமிர்ந்தார்.

தமிழினிக்கு முதலில் புரியவில்லை. எல்லோர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ஐயோ, இது ஃபேஷன் சார். நேத்து அக்கா பையனுக்குக் காதுகுத்து. அதுக்குப் போட்டுகினேன். பொண்ணுங்க எல்லாம் போடறதுதான்."

"எந்தப் பேனாவுல போட்ட?" என்றாள் எழிலரசி மேடம்.

தமிழினியின் முகம் விழுந்தது. "இங்க இருந்து எடுத்துகினு போனேன் மேடம். இன்னிக்குத் திருப்பி வச்சிட்டேன்."

"சாம்பிள எடுத்துகினு போன மாதிரி."

"இல்ல மேடம், சத்தியமா இல்ல. நான் அந்தப் பத்திரிகய படிக்கறவ மட்டும்தான். அது 'முப்பத்தேழு'. ஸ்கூல் படிக்கறப்பலேர்ந்து பாக்கறேன். மொத படம் மொட்டமாடில எடுத்தது, பின்னாடி நீலக் கலர் டேங்க் இருக்கும். அதுலயே இந்தக் கோடு இருக்கும். ரெண்டாவது படம் மழத் தண்ணில. நான் ஒண்ணு வுடாம பாத்திருக்கேன்."

"இவ்ளோ தெரியுதே," என்றாள் எழிலரசி மேடம். "அப்புறம் நீ இல்லன்னா யாரு நம்பறது?"

தமிழினி சொன்ன ஒவ்வொன்றும் அவள் கழுத்தையே இறுக்கியது. ஆசை ஆசையாகப் படித்த குற்றம்தான் அவள் செய்தது.

பிரிசில்லாவுக்கு அந்த நேரத்தில் முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. இதை மறைத்தால் நான் சொல்கிற கதை பொய்யாகிவிடும். தப்பித்தோம் என்று அவள் உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி பரவியது. அம்மா வேலை பிழைத்தது, ஹுமேரா பிழைத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மாட்டியவள் தலையெழுத்து, நாம் என்ன செய்ய முடியும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"ஐடி கார்டக் கழட்டு," என்றாள் எழிலரசி மேடம்.

தமிழினி கார்டைப் பிடித்துக்கொண்டு பிரிசில்லா பக்கம் திரும்பினாள். அழுகையில் குரல் உடைந்தது. "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. நான் அந்த மாதிரி பொண்ணா? நீங்க சொன்னா கேப்பாங்க."

வேறு யார் பெயரையாவது சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். அந்தோணியைக் கூப்பிட்டிருக்கலாம், மாதாவைக்கூடக் கூப்பிட்டிருக்கலாம். இவளைப் போய்க் கூப்பிட்டாள். பிரிசில்லா உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"அது என் காலு மேடம்."

யாருக்கும் கேட்கவில்லைபோல. மறுபடி சொன்னாள். "படத்துல இருக்கறது என் காலு. நேத்தெல்லாம் ரிமூவர் போட்டுத் தேச்சேன். அலர்ஜி இல்ல. அந்த ஷூவ நடபாதயில வாங்கினேன், நம்ம மாடல்னு தெரியாது."

எழிலரசி மேடத்தின் கண் சுருங்கியது. "இவளக் காப்பாத்தறதுக்கு சொல்றியா?"

பிரிசில்லாவுக்கு இப்போது வேறு வழி இல்லை. குற்றத்தை நிரூபிக்கிற வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. உரிந்த காலைத் தன் நாற்காலி விளிம்பில் தூக்கி வைத்தாள். "அந்தோணி அண்ணே. தெனம் போடற மாதிரி போடுங்க."

அந்தோணி அசையவில்லை. "வேணாம்மா," என்றார், உதடு மட்டும் அசைய.

"போடுங்கண்ணே."

அவர் குனிந்து பவுடரைத் துடைத்தார். பேனா உரிந்த இடத்தில் பட்டதும் சுரீர் என்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஏஜென்ட் ஐபேடைக் காலருகே பிடித்தார். எலும்பின் மேடு, பவுடருக்கு அடியில் இருந்த சின்ன மச்சம், நேராகப் போய் நின்ற கோடு, எல்லாம் ஒத்துப்போயின. அவர் தமிழினியின் காலை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஐபேடை மூடினார்.

"பத்திரிகய நடத்தறது யாரு?" என்றாள் எழிலரசி மேடம். "ஃபோட்டோ எடுக்கறது, எழுதறது எல்லாம் யாரு? ஒருத்தி பண்ற வேலயா இது?"

பயம் அப்போதுதான் முழுசாக வந்தது. தன் வேலை போனது போனதுதான். ஹுமேரா பெயர் வாயில் வந்தால் இஷ்தியாக் அகமது வீட்டு வாசலுக்கு ஆள் போகும். பிரிசில்லா சுவரைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் நான்தான்," என்றாள்.

"நீ எழுதறியா? தமிழும் இங்கிலீஷும்?"

"ஆமா மேடம்."

எழிலரசி மேடம் நம்பவில்லை. நம்பும்படியாகவும் இல்லை. லீவு லெட்டர் எழுதவே ஒவ்வொரு தடவையும் தமிழினியிடம் பேப்பரை நீட்டுகிறவள் பிரிசில்லா. அது மேடத்துக்குத் தெரியாவிட்டாலும் தமிழினிக்குத் தெரியும். அந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படித்தவளுக்கு, எழுதுகிற கை எந்தத் தெருவில் இருந்து எழுதுகிறது என்றும் தெரியும். ரமலான் சாயங்காலம் மசூதித் தெருவில் கழற்றிக் கிடக்கிற செருப்புகளைப் பற்றி வந்த கட்டுரையை அவள் மனப்பாடமாகச் சொல்வாள்.

எழிலரசி மேடம் தமிழினியிடம் திரும்பினாள். "நீதான் எல்லாம் படிச்சேன்னியே. இவ எழுதறதா அது? தெரிஞ்சத சொல்லிட்டுப் போய் வேலயப் பாரு."

தமிழினி பிரிசில்லாவைப் பார்த்தாள். கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். ஐந்து வருடமாக முகம் தெரியாமல் பார்த்துவந்த காலை ஒரு முறை குனிந்து பார்த்தாள்.

"இவங்கதான் மேடம்," என்றாள். "இவங்க பேசறதுதான் அப்டியே எழுத்துல இருக்கும்."

ஏஜென்ட் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எழிலரசி மேடம் கையை நீட்டினாள். பிரிசில்லா கழுத்திலிருந்து ஐடி கார்டைக் கழற்றப் பார்த்தாள். கயிறு முடியில் சிக்கிக்கொண்டது. தமிழினி பக்கத்தில் வந்து, முடி இழுபடாமல், மெதுவாக அதை எடுத்துவிட்டாள்.